பார்லருக்கு ஃபேஷியல் மெஷின்: வாங்குமுன் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

டீலரின் டெமோ மேஜையில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் ஓடும். புது டிப், புது சீரம், பத்தே நிமிடம், பளிச்சென்ற கன்னம். அதே மெஷின் ஆறு மாதம் கழித்து உங்கள் பார்லரில், மே மாத வெயிலில், அன்றைய நாலாவது கஸ்டமருக்கும் அதே வேலையைச் செய்யுமா என்று தெரிந்துகொண்டுதான் பணத்தைக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று பெட் போட்டிருக்கும் பார்லர்களை மனதில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறோம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 7 இன் 1, 14 இன் 1 என்று ஃபங்ஷனை எண்ணி மெஷின் வாங்க வேண்டாம். எந்த வகை சக்தி தோலுக்குள் போகிறது, எவ்வளவு ஆழம் போகிறது, நம் ஊர்ப் பழுப்புத் தோல் அதை எப்படி ஏற்கும்: இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் விலையைப் பேச வேண்டும்.

படி 1: உங்கள் பில் புத்தகத்தைப் புரட்டுங்கள்

கடந்த மூன்று மாத பில்லை எடுத்து, ஃபேஷியலுக்கு வந்தவர்கள் என்ன குறை சொல்லி வந்தார்கள் என்று ஒரு தாளில் பிரித்து எழுதுங்கள். டேன், எண்ணெய் வழிதல், பிளாக்ஹெட்ஸ், பரு, பரு போன தழும்பு, மங்கு, தொய்வு, கல்யாணத்துக்கு முந்தைய பளபளப்பு. பெரும்பாலான பார்லர்களில் முதல் மூன்றும் கடைசி ஒன்றும்தான் நிறைய இருக்கும். அப்படியானால் தோலின் மேல் அடுக்கைச் சுத்தம் செய்து ஈரம் ஏற்றும் மெஷின் போதும்; தொய்வை இறுக்கும் மெஷினுக்கு லட்சக்கணக்கில் போட வேண்டியதில்லை. தொய்வு என்று கேட்டு வருபவர்கள் மாதம் இரண்டு பேர்தான் என்றால், அவர்களுக்காக வாங்கும் மெஷின் மூலையில்தான் நிற்கும்.

மங்குவைத் தனியாக வட்டமிட்டு வையுங்கள். இந்த வழிகாட்டியில் வரும் எந்த மெஷினும் மங்குவைப் போக்காது. சில மெஷின்கள் அதை இன்னும் கருப்பாக்கிவிடும்.

படி 2: ஆழத்தை வைத்துக் கோடு போடுங்கள்

முகத்தோலின் மேலே இருக்கும் செத்த செல் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. அதையும் சேர்த்து மேல்தோல் சுமார் 0.1 மில்லிமீட்டர். அதற்குக் கீழே கொலாஜன் இருக்கும் உள்தோல் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை. முகத்தை லிஃப்ட் செய்யும் அறுவை சிகிச்சையில் டாக்டர்கள் இழுத்துத் தைக்கும் எஸ்மாஸ் படலம் சுமார் 4.5 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

பார்லரின் எல்லை மேல்தோலோடு முடிகிறது. அறுவை இல்லை என்பதாலேயே டாக்டர் தேவையில்லை என்று ஆகிவிடாது. ஹைஃபு மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கார்ட்ரிட்ஜ்கள் 1.5, 3.0, 4.5 மில்லிமீட்டர் ஆழங்களில் அல்ட்ராசவுண்டைக் குவித்து, அந்தப் புள்ளியில் 60 முதல் 70 டிகிரி வரை சூடேற்றி, சின்னச் சின்னத் தீப்புள்ளிகள் போடுகின்றன. தாடை ஓரமாக வாயின் கீழ்ப்பக்கத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. கார்ட்ரிட்ஜைத் தவறான இடத்தில் வைத்தால் சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணும். கன்னத்துக் கொழுப்பு கரைந்து குழி விழவும் செய்யும். அமெரிக்காவில் 2009-ல் புருவம் உயர்த்த அனுமதி பெற்ற அல்தெரா மெஷினில், உள்ளே என்ன இருக்கிறது என்று திரையில் பார்த்துக்கொண்டே சுட முடியும். மலிவாக விற்கும் ஹைஃபு பெட்டிகளில் அந்தத் திரை கிடையாது. கண்ணைக் கட்டிக்கொண்டு சுட வேண்டியதுதான். எங்கள் கருத்தில் ஹைஃபு, லேசர், ஐபிஎல் (பளிச்சென ஒளி வெட்டும் மெஷின்), மைக்ரோநீடிலிங் பேனா (நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் கருவி), ஊசி வைத்த ஆர்எஃப் (ரேடியோ அலை மெஷின்) ஆகிய ஐந்தும் பார்லர் பட்டியலில் வரவே கூடாது. கேட்டு வருபவர்களைத் தோல் டாக்டரிடம் அனுப்புங்கள்.

அடுத்து தோல் நிறம். 1975-ல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் உருவாக்கத் தொடங்கிய தோல் வகைப்பாட்டில், நம் கஸ்டமர்களில் பெரும்பாலோர் 4, 5-ஆம் வகை. இந்தத் தோலில் எரிச்சலோ சூடோ சிராய்ப்போ பட்டால், புண் ஆறிய இடத்தில் கருமை படியும். வேலை நடக்கும்போது ஒன்றும் தெரியாது. கஸ்டமர் சந்தோஷமாகப் போவார். சில நாள் கழித்து, சிலருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து, கன்னத்தில் டிப் போன வழியிலேயே கறுத்த கோடு தெரியும். வெளிநாட்டு டெமோ வீடியோவில் வெள்ளைத்தோலுக்கு வைத்த செட்டிங்கை அப்படியே இங்கே வைக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். எந்த மெஷினாக இருந்தாலும், கம்பெனி சொல்லும் தொடக்க அளவுக்கும் கீழே ஆரம்பித்து மேலே போங்கள்.

படி 3: மெஷின் மெஷினாகப் பாருங்கள்

ஹைட்ரா. பார்லர்களில் இப்போது அதிகம் கேட்கப்படுவதும், போட்ட காசைச் சீக்கிரம் திருப்பித் தருவதும் இதுதான். ஒரு வாக்குவம் பம்ப் தோலை டிப்புக்குள் லேசாக இழுக்கிறது. அதே இழுப்பில் பாட்டிலில் இருந்து சீரம் வந்து தோலைக் கழுவி, அழுக்கோடு கழிவு பாட்டிலுக்குப் போகிறது. பெரும்பாலும் மூன்று பாட்டில் இருக்கும். செத்த செல்லைத் தளர்த்தும் லாக்டிக் ஆசிட் வகை ஒன்று, துளைகளைச் சுத்தம் செய்யும் சாலிசிலிக் ஆசிட் வகை ஒன்று, ஈரம் ஏற்றும் ஹையலுரானிக் வகை ஒன்று.

இழுவிசையை ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு அலகில் போடும். அதனால் ஒப்பிடுமுன் எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 1 கிலோபாஸ்கல் என்பது 7.5 மில்லிமீட்டர் பாதரசம். 60 கிலோபாஸ்கல் என்றால் 450 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 18 அங்குலப் பாதரசம். கடல் மட்டத்தில் காற்றின் மொத்த அழுத்தமே 101 கிலோபாஸ்கல்தான். அதற்கு மேல் எந்தப் பம்பாலும் உறிஞ்ச முடியாது. 150 கிலோபாஸ்கல் வாக்குவம் என்று ஒரு பிரோஷரில் பார்த்தால் அந்த பிரோஷரை மூடி வைத்துவிடலாம்.

வேலை செய்யும் முறை இப்படி. மேக்கப் நீக்கி, முகம் கழுவி, ஈரமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, மறு கையால் டிப்பைத் தோலோடு ஒட்டிப் படுக்க வைத்து, மூக்கிலிருந்து காது நோக்கி நகர்த்துங்கள். ஓரிடத்தில் நிற்காதீர்கள். கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் இழுவிசையைப் பாதியாகக் குறைத்து, சின்ன டிப் போடுங்கள். ஒரே இடத்தில் மூன்று முறைக்கு மேல் போக வேண்டாம். நின்ற இடத்தில் சிவப்புப் புள்ளிகளாக ரத்தம் கட்டும். அது நம் தோலில் கருமையாகி வாரக்கணக்கில் நிற்கும்.

பழுதுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் அடங்கும். இழுக்கவில்லை என்றால் கழிவு பாட்டில் மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். அது நகர்ந்திருக்கும் அல்லது விரிந்திருக்கும். இழுக்கிறது, ஆனால் சீரம் வரவில்லை என்றால் உள்குழாயிலோ டிப்பின் துளையிலோ சீரம் காய்ந்து அடைத்திருக்கும்; வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து ஓடவிடுங்கள். இரண்டும் சரி, பம்ப் மட்டும் முனகுகிறது என்றால் கழிவு பாட்டிலை நிரம்ப விட்டிருப்பார்கள். திரவம் ஃபில்டரைத் தாண்டிப் பம்புக்குள் போயிருக்கும். இந்தக் கடைசிப் பழுதுதான் செலவு வைக்கும். கழிவு பாட்டில் பாதியைத் தாண்டுமுன் கொட்டும் பழக்கம் இருந்தாலே அது வராது.

ஆஸ்பிரின் அலர்ஜி உள்ளவர்களுக்கு சாலிசிலிக் பாட்டிலைத் தொடாதீர்கள். ரெட்டினால், ட்ரெடினாயின் க்ரீம் போடுபவர்கள் ஒரு வாரம் நிறுத்திவிட்டு வரட்டும். ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, அவர்களுடைய டாக்டரைக் கேட்காமல் ஹைட்ராவும் வேண்டாம், கீழே வரும் டயமண்ட் டிப்பும் வேண்டாம்.

அல்ட்ராசோனிக் ஸ்க்ரப்பர். சின்ன விலைக்குப் பெரிய வேலை செய்யும் கருவி. தட்டையான ஸ்டீல் பிளேடு விநாடிக்கு சுமார் 25 முதல் 30 ஆயிரம் முறை அதிர்ந்து, ஈரத்தோலின் மேலிருக்கும் எண்ணெயையும் செத்த செல்லையும் தூசியாகக் கிளப்பும். நல்ல பீஸா என்று பார்க்க ஒரு சோதனை போதும்: பிளேடின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஆன் செய்யுங்கள். நல்லதாக இருந்தால் சொட்டு அந்தக் கணமே பனிப்புகையாகப் பறக்கும். தண்ணீர் நடுங்கிக்கொண்டு அங்கேயே நின்றால் அது வெறும் வைப்ரேட்டர். பிளேடை 45 டிகிரி சாய்த்து, தோலை எப்போதும் சொட்டச் சொட்ட ஈரமாக வைத்து ஓட்டுங்கள். காய்ந்த தோலில் ஓட்டினால் சுடும், கீறும்.

டயமண்ட் டிப் மைக்ரோடெர்மாப்ரேஷன். அலுமினியம் ஆக்சைடு பொடியை வீசித் தோலைத் தேய்க்கும் முறை 1985 வாக்கில் இத்தாலியில் வந்தது. அதன் பொடி இல்லாத வாரிசுதான் இது. டிப்பில் உள்ள எண் எந்த அளவு என்று டீலரிடம் கட்டாயம் கேளுங்கள். மெஷ் கணக்கு என்றால் சிறிய எண்தான் முரடு. மைக்ரான் கணக்கு என்றால் பெரிய எண் முரடு. இது தெரியாமல் மென்மையான டிப் என்று நினைத்து முரடான டிப்பைப் போட்டுக் கன்னத்தைச் சிராய்ப்பது அடிக்கடி நடக்கிறது. குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை, அதோடு நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் பஞ்சு ஃபில்டரை ஒவ்வொரு கஸ்டமருக்கும் மாற்றுங்கள். ஹைட்ரா வந்த பிறகு 4, 5-ஆம் வகைத் தோலுக்கு டயமண்ட் டிப்பின் தேவை குறைந்துவிட்டது என்பது எங்கள் எண்ணம். இரண்டும் வாங்கக் காசு இருந்தாலும் இதைத் தள்ளிப் போடலாம்.

ஹை ஃப்ரீக்வென்சி. கண்ணாடி எலக்ட்ரோடு, ஊதா அல்லது ஆரஞ்சு ஒளி, லேசான சடசடப்பு. ஆர்கான் வாயு நிரப்பியது ஊதா. பரு, எண்ணெய்த் தோலுக்கு. நியான் ஆரஞ்சு, வறண்ட தோலுக்கு. எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் நடுவில் உண்டாகும் ஓசோன்தான் கிருமியைக் குறைக்கிறது. பிளாக்ஹெட் எடுத்த பிறகு 3 முதல் 5 நிமிடம் போதும். எலக்ட்ரோடைச் செருகும்போதும் கழற்றும்போதும் குமிழ் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். தோலில் வைக்கும் கணத்தில் பொறி அடிக்காமல் இருக்க, உங்கள் விரலைக் கண்ணாடியின் மேல் வைத்தபடியே கொண்டுபோய்த் தோலில் வைத்துவிட்டு விரலை எடுங்கள். ஸ்பிரிட் கலந்த டோனர் போட்ட முகத்தில் இதை வைத்தால் தீப்பிடிக்கும். தண்ணீர் டோனர் மட்டும். ஒளி மங்கினால் கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழுந்து வாயு கசிந்திருக்கும். அந்த எலக்ட்ரோடை எறிந்துவிடுங்கள்.

கால்வானிக். நேர்மின்சாரம் என்பதால் இதில் ப்ளஸ், மைனஸ் மாறினால் வேலையே மாறிவிடும். துளையில் அடைந்த எண்ணெயைக் கரைக்க, முகத்தில் மைனஸ், கையில் ப்ளஸ். மைனஸ் முனையில் காரம் உண்டாகி எண்ணெயைச் சோப்பாக்குகிறது. கடைசியில் ஒரு நிமிடம் முகத்துக்கு ப்ளஸ் கொடுத்தால் தோல் அடங்கும். தோலின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிஆம்பியரைத் தாண்டக் கூடாது. சின்ன எலக்ட்ரோடில் அதே கரண்ட் ஒரே இடத்தில் குவியும் என்பதை மறக்காதீர்கள். கஸ்டமர் பிடிக்கும் தண்டின் மேல் நனைத்த ஸ்பாஞ்ச் உறை இருக்க வேண்டும். எலக்ட்ரோடு தோலில் பட்ட பிறகு குமிழை மெதுவாக ஏற்றி, எடுப்பதற்கு முன் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். கீறல், உடைந்த பரு உள்ள இடத்தில் கரண்ட் முழுக்க அங்கேயே பாய்ந்து ரசாயனத் தீப்புண் போடும். மில்லிஆம்பியர் மீட்டர் இல்லாத கால்வானிக் மெஷினை வாங்கவே வேண்டாம்.

மைக்ரோகரண்ட். 1 மில்லிஆம்பியருக்கும் கீழே, வழக்கமாக 10 முதல் 500 மைக்ரோஆம்பியர். தசை துடிக்கக் கூடாது. துடித்தால் அது வேறு வகை மெஷின். முகூர்த்தத்துக்கு முன் முகம் சற்றுத் தூக்கி நிற்க உதவும். அந்த மாற்றம் தற்காலிகமானது என்று கஸ்டமரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பயிற்சி பெற்ற கை 40 நிமிடம் உழைக்க வேண்டும். அந்த நேரத்துக்கு விலை வாங்க முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

ஆர்எஃப். தோலின் உள்ளே சூடேற்றிக் கொலாஜனை இறுக்குவதாகச் சொல்லும் ரேடியோ அலை மெஷின். இது உள்தோலைத் தொடுகிறது; ஆகவே நாம் போட்ட கோட்டின் விளிம்பில் நிற்கிறது. இரண்டு முனையும் கையில் பிடிக்கும் ஹேண்ட்பீஸிலேயே இருக்கும் பைபோலாரில் சூடு ஏறக்குறைய முனைகளின் இடைவெளியில் பாதி ஆழத்தோடு நின்றுவிடும். முதுகுக்குக் கீழே தகடு வைக்கும் மோனோபோலார் ஆழமாகப் போகும். அதை க்ளினிக்கிடம் விட்டுவிடுங்கள். பைபோலார் வைத்தாலும் பயிற்சியும் தெர்மாமீட்டரும் இல்லாமல் கூடாது. தோலின் மேல்சூடு 40 முதல் 42 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஹேண்ட்பீஸ் நின்றாலோ ஜெல் காய்ந்தாலோ சில விநாடியில் அது தாண்டிவிடும். கஸ்டமர் சுடுகிறது என்று சொன்ன நொடியே எடுத்துவிடுங்கள். தாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லவே கூடாத வேலை இது. பல ஃபங்ஷன் பெட்டிகளில் இதோடு வரும் 40 கிலோஹெர்ட்ஸ் கேவிட்டேஷன் ஹேண்ட்பீஸ் வயிறு, தொடைக்கானது. அதை முகத்தில் வைக்கக் கூடாது.

எல்இடி. சிவப்பு சுமார் 630, நீலம் சுமார் 415, அகச்சிவப்பு சுமார் 830 நானோமீட்டர். பல்பு எத்தனை என்பதை விட, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் விழுகிறது என்பதுதான் முக்கியம். அந்த எண்ணை விநாடிகளால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஜூல் கிடைக்கும். 30 மில்லிவாட் தரும் பேனல் 10 நிமிடத்தில் 18 ஜூல் தரும். 3 மில்லிவாட் தரும் மலிவு மாஸ்க் அதே நேரத்தில் 1.8 ஜூல்தான் தரும். மில்லிவாட் கணக்கைக் காட்டாத கம்பெனியிடம் வாங்கினால் வண்ண விளக்குக்குக் காசு கொடுத்தது போலத்தான். நீல ஒளியில் ஒரு எச்சரிக்கை உண்டு: பழுப்புத் தோலில் 415 நானோமீட்டர் ஒளி கருமை கூட்டும் என்று 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. மங்கு உள்ளவர்களுக்கு நீலம் வேண்டாம். டாக்சிசைக்ளின் போல, தோலை வெயில் தாங்காமல் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எந்த ஒளியும் வேண்டாம்.

குளிர் சுத்தியலும் ஆக்சிஜன் ஸ்ப்ரேயும் முடிவில் இதம் தரும் துணைக்கருவிகள். இவற்றுக்காகவே ஒரு மெஷினைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

படி 4: டெமோவுக்குப் போகும்போது நான்கு பொருள் கொண்டு போங்கள்

மல்டிமீட்டர், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், கைக்கடக்கமான வாக்குவம் கேஜ், அளவுக் கோடு போட்ட ஒரு கப். டீலர் முகம் சுளித்தால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

1. ஹைட்ரா ஹேண்ட்பீஸின் வாயில் கேஜை வைத்து முழு இழுவிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். மெஷினை 20 நிமிடம் விடாமல் ஓட்டி, மறுபடி அளந்து பாருங்கள். பம்ப் சூடானதும் இழுவிசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் அந்த மெஷின் ஒரு முழு ஃபேஷியலைத் தாங்காது.
2. பாட்டிலில் 50 மில்லி தண்ணீர் ஊற்றி, டிப்பை உள்ளங்கையில் 5 நிமிடம் ஓட்டி, எவ்வளவு குறைந்தது என்று கப்பில் ஊற்றிப் பாருங்கள். ஒரு ஃபேஷியலுக்கு எவ்வளவு சீரம் தீரும் என்று இதிலிருந்தே கணக்கிடலாம். இதே அளவை எல்லா மெஷினிலும் எடுத்தால்தான் ஒப்பீடு சரியாக வரும்.
3. ஓடிக்கொண்டிருக்கும்போது ஹேண்ட்பீஸின் கேபிளை அடியில் லேசாக வளைத்துப் பாருங்கள். விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அந்தக் கேபிள் மூன்று மாதம் தாங்காது.
4. ஆர்எஃப் இருந்தால் உங்கள் முன்கையில் ஜெல் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு 30 விநாடிக்கும் தெர்மாமீட்டரைத் தோலுக்கு 5 சென்டிமீட்டருக்குள் பிடித்து அளந்து பாருங்கள். ஒரே லெவலில் சூடு ஏறி ஒரு நிலையில் நிற்க வேண்டும். தாறுமாறாகக் குதிக்கக் கூடாது.
5. பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 110 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் அது எரிந்துவிடும். தகடே இல்லாத மெஷினை வாங்க வேண்டாம்.

முடிந்தால், அதே மாடலை ஓராண்டாக வைத்திருக்கும் வேறு ஊர்ப் பார்லர்காரர் ஒருவரிடம் போனில் பேசுங்கள். டிப் கிடைக்கிறதா, சர்வீஸ் ஆள் எத்தனை நாளில் வந்தார், இந்த இரண்டை மட்டும் கேட்டால் போதும்.

படி 5: காகிதங்கள்

எஃப்டிஏ ரிஜிஸ்டர்டு என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கு மதிப்பில்லை. தயாரிப்பாளர் தன் பெயரை, அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏவிடம் பதிந்துகொண்டதை மட்டுமே அது சொல்லும். அதற்கு எஃப்டிஏ சான்றிதழே தருவதில்லை. உண்மையான அனுமதி என்றால் கே என்ற எழுத்தில் தொடங்கும் 510(கே) எண் இருக்கும்; எஃப்டிஏவின் இணையத் தளத்தில் அதைப் போட்டுத் தேடினால் மெஷினின் பெயர் வர வேண்டும். ஐரோப்பாவின் சிஇ முத்திரையை ஆபத்துக் குறைந்த பொருளுக்குத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளலாம். மருத்துவக் கருவியில் நடுத்தர, உயர் வகை என்றால் முத்திரைக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். ஐஎஸ்ஓ 13485 என்பது தொழிற்சாலையின் நிர்வாக முறைக்கானது, மெஷினுக்கானது அல்ல.

இந்தியாவில் மருத்துவக் கருவி விதிகள், 2017 நடைமுறையில் உள்ளன. 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவப் பயன் சொல்லி விற்கும் எல்லாக் கருவிகளும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. ஒரு டீலர் பருவுக்கு, தழும்புக்கு, சுருக்கத்துக்குச் சிகிச்சை என்று சொல்லி இறக்குமதி மெஷினை விற்றால், மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓ கொடுக்கும் எம்டி-15 இறக்குமதி உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

படி 6: கரண்ட்

மெஷின் வருமுன் ஒரு எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். பிளக் பாயிண்ட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2, 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த்தில் கோளாறு. வாடகைக் கட்டடங்களில் எர்த் வயரே இல்லாத மூன்று துளை பிளக் பாயிண்ட்டுகள் சர்வ சாதாரணம். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள். ஈரமான முகத்தில் கரண்ட் வேலை பார்க்கும் இடத்தில் இதற்குக் கஞ்சம் பார்க்கக் கூடாது. இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் ப்யூர் சைன் வேவ் வகை வேண்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பம்ப் உறுமிச் சூடாகும், சர்க்யூட் போர்டு சீக்கிரம் போகும்.

படி 7: ஒரு ஃபேஷியலுக்கு என்ன ஆகிறது

மெஷின் விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரு சிட்டிங்கின் அடக்க விலையை ஒப்பிடுங்கள். உதாரணத்துக்கு, வரி உட்பட 60,000 ரூபாய்க்கு ஒரு ஹைட்ரா மெஷின், இரண்டு ஆண்டு உழைப்பு, மாதம் 15 சிட்டிங் என்று வைப்போம். மொத்தம் 360 சிட்டிங். மெஷின் பங்கு 167 ரூபாய். சீரம், டிப், பஞ்சு, ஹெட்பேண்ட் எல்லாம் 130. மாதம் 18,000 சம்பளம் வாங்கும் பெண்ணின் 45 நிமிடம் 65. வாடகை, கரண்ட், ஏசி 60. ஆண்டுக்கு 6,000 சர்வீஸ் செலவு என்றால் 33. ஆக 455 ரூபாய்.

இதையே மாதம் 5 சிட்டிங் என்று மாற்றினால் மெஷின் பங்கு 500, சர்வீஸ் 100. அடக்கம் 855 ஆகிவிடும். அந்த நிலையில் 800 ரூபாய் ஆஃபர் போட்டால் ஒவ்வொரு ஃபேஷியலும் நஷ்டம். ஆகவே டீலரிடம் மெஷின் விலையோடு டிப் விலை, சீரம் லிட்டர் விலை, ஹேண்ட்பீஸ் தனி விலை மூன்றையும் எழுதி வாங்குங்கள். சீரம் வெளியில் வாங்கினால் வாரண்டி போய்விடுமா என்பதையும் கேளுங்கள்.

ஜிஎஸ்டியில் ஒரு மாற்றம் இந்தக் கணக்கைப் பாதிக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைக்கு வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. மெஷின் பில்லில் நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க முடியாது. அது முழுக்க மெஷின் விலையோடு சேரும். பழைய கணக்கில் வரியைக் கழித்துவிட்டு விலை சொல்லும் டீலரின் தாளை நம்ப வேண்டாம்.

படி 8: யாருக்குச் செய்யக் கூடாது

ஒரு பக்கப் படிவம் அச்சடித்து, பெட்டில் படுக்குமுன் நிரப்பச் சொல்லுங்கள். பேஸ்மேக்கர், கர்ப்பம், வலிப்பு, முகத்திலோ தாடையிலோ உலோகத் தகடு இருந்தால் கரண்ட் வகை எதுவும் வேண்டாம். வாயோரம் அக்கி, பரவும் பரு, வெயிலில் புண்பட்ட தோல், கடந்த இரண்டு வாரத்தில் போடாக்ஸ் அல்லது ஃபில்லர் போட்டவர்கள்: எல்லோரையும் வேறு தேதிக்குத் தள்ளுங்கள். புது சீரத்தைக் காதுக்குப் பின்னால் தடவி 24 மணி நேரம் பார்த்துவிட்டு முகத்தில் போடுங்கள்.

தோடு, மூக்குத்தி கழற்றி வைக்கச் சொல்லலாம். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். பலருக்கு அது மனக்கஷ்டம். கவுனுக்கு மேலே எடுத்து உலர்ந்த துண்டில் சுற்றி வைத்துவிட்டு, அன்று கழுத்தில் ஹை ஃப்ரீக்வென்சி, கால்வானிக், ஆர்எஃப் எதையும் ஓட்டாமல் தாடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கழுத்துக்குக் கையால் மசாஜ் போதும்.

படி 9: தினசரிப் பராமரிப்பு

ஹைட்ரா டிப் ஒரு ஆளுக்கு ஒன்று; கழுவி அடுத்தவருக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு கஸ்டமர் முடிந்ததும் கம்பெனி சொல்லும் கிருமிநாசினிக் கரைசலை ஒரு நிமிடமும், பிறகு சுத்தத் தண்ணீரை ஒரு நிமிடமும் ஓடவிடுங்கள். இரவு கடை மூடுமுன், பாட்டிலைக் கழற்றிவிட்டு வெறும் காற்றை 2 நிமிடம் ஓட்டிக் குழாயை உலர்த்துங்கள். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் ஈரம் நின்ற குழாயில் சீக்கிரம் கறுப்புப் பூஞ்சை வரும். வந்துவிட்டால் கழுவி மீட்க முடியாது, குழாயையே மாற்ற வேண்டும். ஸ்டீல் பிளேடு, எலக்ட்ரோடுகளை முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிறகு 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். பிளீச் போட்டால் உலோகம் அரிக்கும். டயமண்ட் டிப்பை ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்ய முடியுமா என்று வாங்கும்போதே கேளுங்கள். முடியாது என்றால் ஆளுக்கு ஒரு டிப் தனியாக வைக்க வேண்டும்.

ஸ்டீமரிலும் ஹைட்ரா பாட்டிலிலும் போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. டிஸ்டில்டு வாட்டர்தான். உப்பு படிந்த ஸ்டீமர் ஒரு நாள் கொதிநீரைத் துப்பும். அது படுத்திருப்பவர் முகத்தில்தான் விழும்.

எந்த வரிசையில் வாங்கலாம்

புதிதாகத் தொடங்கும் பார்லருக்கு ஸ்டீமர், ஸ்க்ரப்பர், ஹை ஃப்ரீக்வென்சி மூன்றும் தனித்தனியாக. ஆறு மாதம் கழித்து கஸ்டமர் நிலைத்த பிறகு, ஒற்றை வேலைக்கான நல்ல ஹைட்ரா. அதற்கும் பிறகு மில்லிவாட் கணக்கு காட்டும் எல்இடி பேனல். மைக்ரோகரண்ட் கடைசியாக, கற்றுக்கொண்ட கை இருந்தால். பல ஃபங்ஷன் பெட்டி வாங்கினால் ஒரே பவர் போர்டில் எல்லாம் ஓடும். அது போனால் எல்லா ஃபேஷியலும் அன்றே நின்றுவிடும். இடம் மிகக் குறைவாக இருந்து அப்படி ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்றால், நாலைந்து ஃபங்ஷனுக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொரு ஹேண்ட்பீஸும் தனியாக விலைக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

பணம் கொடுக்கும் நாளில் இன்வாய்ஸில் இவை எழுத்தில் இருக்கட்டும்: மாடல் பெயர், சீரியல் எண், வாரண்டி பம்புக்கும் ஹேண்ட்பீஸுக்கும் தனித்தனியாக எத்தனை மாதம், சர்வீஸ் ஆள் வர அதிகபட்சம் எத்தனை நாள், அதுவரை மாற்று மெஷின் தருவார்களா, எத்தனை பேருக்கு எத்தனை நாள் பயிற்சி. முழுத்தொகையும் அன்றே கொடுக்காமல், கொஞ்சத்தைப் பயிற்சி முடிந்த பிறகு தருவதாகப் பேசுங்கள். மெஷின் வந்த முதல் வாரமே, டெமோவில் எடுத்த அதே வாக்குவம் அளவையும் தண்ணீர் அளவையும் உங்கள் கடையில் எடுத்துக் குறித்து வையுங்கள். வாரண்டிக் காலத்துக்குள் பம்ப் தளர்ந்தால், டீலரிடம் காட்ட அந்த எண்கள் கையில் இருக்கும்.